ஓடிஜி கேபிள் வழியாக ரிலே: இணைப்பு அறுந்துவிடுகிறது, உதவுங்கள்

நண்பர்களே, வணக்கம். அம்மாவின் மாடித்தோட்ட மோட்டாரை நானே எழுதிய செயலியால் இயக்க முயல்கிறேன். ஆண்ட்ராய்டு கைபேசி, ஓடிஜி கேபிள் (கைபேசியில் யுஎஸ்பி கருவிகளை இணைப்பது), ஆர்டுயினோ யூனோ (நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகை), 5 வோல்ட் ரிலே (மோட்டாரை இயக்கி நிறுத்தும் மின்காந்த சுவிட்ச்). பாட் வேகம் (தகவல் அனுப்பும் வேகம்) 9600.

செயலி போர்ட்டைத் திறந்ததும் (தொடர்பைத் தொடங்கியதும்) ஆர்டுயினோ ரீசெட் ஆவதால் முதல் கட்டளை தொலைந்துகொண்டிருந்தது. 2 விநாடி பொறுத்து அனுப்பியதும் சரியானது. அதைக் கண்டுபிடிக்கவே ஒரு வாரம் போய்விட்டது!

இப்போது ரிலே 'டிக்' என்றதுமே கைபேசிக்கும் ஆர்டுயினோவுக்கும் இடையிலான இணைப்பு அறுந்துவிடுகிறது. மோட்டார் ஒயரைக் கழற்றினாலும் அப்படித்தான். கணினியில் இணைத்தால் ஒழுங்காக ஓடுகிறது. ரிலேச் சுருளுக்கு வேண்டிய மின்னோட்டத்தைக் கைபேசியால் தர முடியவில்லை என்று சந்தேகிக்கிறேன். ரிலேவுக்குத் தனி 5 வோல்ட் அடாப்டர் கொடுத்து, கிரவுண்டை (மின்சுற்றின் 0 வோல்ட் கம்பியை) மட்டும் பொதுவாக இணைத்தால் போதுமா? ஓடிஜி இணைப்பு இருக்கும்போதே கைபேசிக்குச் சார்ஜ் ஏற்ற முடியுமா? செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். அம்மா இன்னமும் வாளியில்தான் தண்ணீர் சுமக்கிறார்.