அம்மா கைக்கு ஒரு தொடுதிரைப் பேனா: யாராவது உதவ முடியுமா?

வணக்கம். நாங்கள் மலேசியாவில், ஈப்போ அருகே சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். அம்மா 30 வருடம் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தில் பால் எடுக்கும் வேலை. விரல்நுனி காய்த்துப்போய், தோல் எப்போதும் வறண்டே இருக்கும். அதனால் கைபேசித் திரை அவர் தொடுவதை உணர்வதே இல்லை. பேரன் வீடியோ காலில் கூப்பிட்டால், எடுப்பதற்குள் மணி நின்றுவிடுகிறது. அவர் முகத்தைப் பார்க்கவே மனசு கேட்கவில்லை.

திரை அழுத்தத்தை அறிவதில்லை. விரல் வழியாக நடக்கும் மின்னேற்ற மாற்றத்தைத்தான் அறிகிறது. இந்த வகைத் திரையை 1965-லேயே இங்கிலாந்தின் ஈ. ஏ. ஜான்சன் விவரித்து எழுதிவிட்டார். காய்த்த தோல் அந்த மாற்றத்தைக் குறைத்துவிடுகிறது. திரை உணர்திறனைக் கூட்டும் அமைப்பையும் போட்டுப் பார்த்தேன், போதவில்லை.

சரி, ஒரு பேனா செய்யலாம் என்று ஃப்ரீகேட் என்ற முப்பரிமாண வரைவு மென்பொருளில் வரைந்தேன். பிடி, பால் வெட்டும் கத்தியின் பிடி மாதிரி தடிமனாக; அம்மாவுக்குப் பழகிய பிடி அது. அளவுகளை அட்டவணையில் வைத்திருப்பதால், ஓர் எண்ணை மாற்றினால் முழு வடிவமும் மாறும். பிளாஸ்டிக்கில் மின்சாரம் ஓடாது. அதனால் நுனியிலிருந்து பிடிவரை செம்புப் பட்டை ஒட்டினேன். என் கையில் நன்றாக வேலை செய்கிறது, அம்மா கையில் விட்டுவிட்டுத்தான்.

பட்டை உள்ளங்கையில் படும்படி அகலமாக்கினால் சரியாகுமா? மின்கடத்தும் ரப்பர் நுனி எங்கே கிடைக்கும்? அப்புறம், ஈப்போ பக்கம் முப்பரிமாண அச்சுப்பொறி வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள், செலவை நான் கொடுத்துவிடுகிறேன். வரைபடம் வேண்டுவோருக்கும் அனுப்புகிறேன்.