ஃபிரேமிங்: சட்டகமா, கட்டமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

இதழியல் மாணவர்களுக்காகச் செய்திப் படங்களைப் பற்றிய பாடம் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். பக்கத்துக்குப் பக்கம் 'ஃபிரேமிங்': ஒரு செய்தியையோ படத்தையோ எந்த எல்லைக்குள், எந்தப் பார்வையில் வைத்துக் காட்டுகிறோம் என்பது. 'சட்டகப்படுத்தல்' என்று எழுதிவைத்தேன். "போராட்டத்தை ஊடகங்கள் சட்டகப்படுத்துகின்றன" என்ற வரியைப் படித்த மாணவி, "போராட்டம் சட்டப்படி செல்லும்னு சொல்றாங்களா, மிஸ்?" என்று கேட்டாள். நடுவில் இருந்த 'க' அவள் கண்ணில் படவே இல்லை. வேறு சொல் உண்டா? 'செதுக்கல்', 'விளிம்பிடல்' இரண்டும் கைவசம் இருக்கின்றன.

*

அம்மா, வணக்கம்.

> 'செதுக்கல்', 'விளிம்பிடல்' இரண்டும் கைவசம் இருக்கின்றன.

செதுக்கலை இப்போதே தள்ளிவிடலாம். அது கிராப்புக்கான சொல். எடுத்து முடித்த படத்தின் ஓரத்தை நறுக்குவது. (அதற்கும் எனக்குக் 'கத்தரிப்பு'தான் பிடிக்கும். செதுக்கல் என்றால் உளியும் கற்சில்லும் கண்முன் வருகின்றன. அது தனிச் சண்டை.)

விளிம்பிடல் நல்ல சொல். பெய்ஜிங் டாங்கி மனிதரின் படங்களுக்கு அது கச்சிதமாகப் பொருந்தும். தியானென்மென் சதுக்கப் போராட்டம் ஒடுக்கப்பட்டபின், டாங்கி வரிசையைத் தனியாக மறித்து நின்றாரே, அவர்தான். 1989 ஜூன் 5 அன்று அவரை ஒருவர் அல்ல, பலர் படமெடுத்தார்கள். அசோசியேட்டட் பிரஸ்ஸின் ஜெஃப் வைடனர் எடுத்த படம் நெருக்கமானது: ஒரு மனிதர், நான்கு டாங்கி. மேக்னம் பட நிறுவனத்தின் புகைப்படக்காரர் ஸ்டூவர்ட் ஃபிராங்க்ளின் எடுத்ததில் விளிம்பு அகலம். டாங்கி வரிசை நீண்டுகொண்டே போகிறது. டெரில் ஜோன்ஸ் தெருவில் நின்று எடுத்த படம் 2009இல்தான் வெளிவந்தது. அதில் முன்னால் ஆட்கள் பதறி ஓடுகிறார்கள். நம்மாள் தூரத்தில் சிறிதாக நிற்கிறார். ஒரே தெரு, ஒரே ஆள். விளிம்பு நகர நகர வீரமும் அச்சமும் இடம் மாறுகின்றன. வேடிக்கை என்னவென்றால், அந்த ஆள் நடுவே வந்து தன் படத்தைக் கெடுக்கப்போகிறார் என்றுதான் வைடனர் முதலில் நினைத்தாராம்.

விளிம்புக்கு வெளியே காலமும் இருக்கிறது. துப்பாக்கிச்சூடு நடந்தது ஜூன் 3 இரவும் 4 விடியலும். டாங்கிகள் மறுநாள் சதுக்கத்தை விட்டுப் போய்க்கொண்டிருந்தவை. காணொளியில் முதல் டாங்கி விலகிச் செல்லப் பார்க்கிறது, இவர் நகர்ந்து நகர்ந்து மறிக்கிறார், மேலேகூட ஏறுகிறார். படத்தை மட்டும் பார்த்தவருக்கு இதில் எதுவும் தெரியாது.

ஆனால் விளிம்பிடல் பர்மிங்காமில் தோற்றுவிடும். 1963 மே 3, அமெரிக்காவின் அலபாமா மாநிலம், கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம். பில் ஹட்சன் எடுத்த படம்: போலீஸ்காரர் ஒரு கறுப்பின மாணவரின் சட்டையைப் பிடித்திருக்கிறார், போலீஸ் நாய் வயிற்றை நோக்கிப் பாய்கிறது. மறுநாள் நியூயார்க் டைம்ஸின் முதல் பக்கத்தில் வந்தது. பார்த்தவர்கள் கண்டது, எதிர்க்காமல் அடிவாங்கும் அகிம்சைப் போராளியை. அந்த மாணவரோ ஊர்வலத்தில் வந்தவரே அல்ல. வேடிக்கை பார்க்க வந்தவர். படத்தை இன்னொரு முறை பாருங்கள்: அவர் கை போலீஸ்காரரின் மணிக்கட்டைப் பற்றியிருக்கிறது, முழங்கால் நாயை நோக்கி உயர்ந்திருக்கிறது. எதுவும் விளிம்புக்கு வெளியே இல்லை, எல்லாம் உள்ளேயே இருக்கிறது. இருந்தும் கண் அதைத் தாண்டிப்போனது. அதைத் தாண்டவைத்தது படக்குறிப்பும், பக்கத்தில் இருந்த செய்தியும், வாசகர் மனத்தில் ஏற்கெனவே இருந்த கதையும். அதற்கும் சேர்த்துத்தானே ஃபிரேமிங் என்கிறோம்?

அதனால் நம் அச்சகத்துச் சொல்லையே கேட்கிறேன்: கட்டங்கட்டல். முக்கியச் செய்தியைக் கட்டம் கட்டிப் போடுவது நமக்குப் பழகியது. கோடு போட்டதும் உள்ளிருக்கும் செய்திக்கே வேறு எடை வந்துவிடுகிறது. ஒரு எழுத்தைக்கூட மாற்றியிருக்க மாட்டோம்.

*

ஐயா, சொல் அழகு. ஆனால் அரசியலில் "அவரைக் கட்டம் கட்டிட்டாங்க" என்றால் ஒழித்துக்கட்ட ஆள் குறித்தாயிற்று என்று பொருள். உங்கள் சொல்லில் எப்போதும் ஒரு சதிகாரர் ஒளிந்திருப்பார். வைடனர் யாருக்கும் சதி செய்யவில்லையே! 'கட்டமைத்தல்' என்று போகவும் முடியாது. சிற்றிதழ்க்காரர்கள் அதை வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டுவிட்டார்கள். 'கட்டமிடல்' என்றால் பழி குறையுமா?

*

குறையும். வினைக்குக் கட்டமிடல், பெயருக்குக் கட்டம். "போராட்டத்தை வன்முறை என்ற கட்டத்துக்குள் வைத்தார்கள்" என்று எழுதிப் பார்த்தேன், இடறவில்லை. "போராட்டம் அடுத்த கட்டத்துக்கு நகர்ந்தது" என்ற செய்தி வாக்கியம் பக்கத்தில் வந்தால்தான் தொல்லை. அங்கே ஆசிரியர் கொஞ்சம் பார்த்து எழுத வேண்டும்.

*

இருவருக்கும் நன்றி. நான்காம் பாடத்தில் மட்டும் 'கட்டமிடல்' போட்டுப் பார்க்கிறேன். பர்மிங்காம் படத்தை முதலில் குறிப்பில்லாமல் காட்டி, என்ன தெரிகிறது என்று எழுதச் சொல்லி, பிறகுதான் சொல்லைத் தரப்போகிறேன். கட்டம் என்றதும் யாராவது ஜாதகத்தை எடுத்து நீட்டினால் இங்கேயே வந்து புகார் சொல்கிறேன்.