அறிவியல் மன்றத்தில் 14 வயதுக்கு மேல் யாரும் தங்குவதில்லை. எங்கே தவறு?

சனிக்கிழமைக்காரன் கேட்டது:

வணக்கம். மூன்று வருடமாகச் சனிக்கிழமை மாலைகளில் ஒரு நூலகத்தின் மாடியில் அறிவியல் மன்றம் நடத்துகிறேன். 9 முதல் 17 வயது வரை யாரும் வரலாம், கட்டணம் கிடையாது. நான் ஆசிரியர் இல்லை. தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கிற வேலை. சொல்லிக்கொடுக்கப் பயிற்சி எடுத்ததில்லை, ஆசை மட்டும் உண்டு.

சின்னவர்கள் கூட்டமாக வருகிறார்கள். 14, 15 ஆனதும் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்கிறார்கள். பதிவேட்டைப் புரட்டினேன். முதல் வருடம் வந்த பெரிய பிள்ளைகள் 11 பேரில் இப்போது மிச்சம் 2 பேர். வீட்டில் கேட்டால் படிப்புச் சுமை என்கிறார்கள். அது பாதிதான் உண்மை. போன வாரம் அதே நேரத்தில் இரண்டு பையன்கள் கீழே படிக்கட்டில் உட்கார்ந்து போனில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். மாடிக்கு 18 படி. ஏறி வரவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. போன மாதம் தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் மெழுகுவத்தி ஏற்றி, மேலே கண்ணாடி ஜாடியைக் கவிழ்த்துக் காட்டினேன். சுடர் அணைந்தது, தண்ணீர் உள்ளே ஏறியது. வழக்கமான விளக்கத்தையே சொன்னேன்: ஆக்சிஜன் எரிந்து தீர்ந்துவிட்டது, காற்றில் அது ஐந்தில் ஒரு பங்கு, அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டது. கடைசி வரிசையில் இருந்த 13 வயதுப் பெண் கேட்டாள், "மூணு மெழுகுவத்தி வெச்சா, அண்ணா?" வைத்தோம். தண்ணீர் ஏறக்குறைய இரு மடங்கு ஏறியது. "ஜாடி அதேதானே? ஆக்சிஜனும் அவ்வளவுதானே இருக்கும்?" என்றாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. "நேரமாச்சு, அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று முடித்துவிட்டேன். அடுத்த வாரம் அவள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை.

பெரிய பிள்ளைகளை நிறுத்திவைக்கச் சான்றிதழ், போட்டி, பரிசு என்று எதையாவது தொடங்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நட்டும்_நூலும் எழுதியது:

சான்றிதழை விடுங்கள். பரிசுக்கு வருகிறவன் பரிசு வாங்கியதும் போய்விடுவான். நானும் இரண்டு வருடம் அச்சடித்துக் கொடுத்தவள்தான். மிச்சக் கட்டு இன்னும் அலமாரியில் கிடக்கிறது.

முதலில் மெழுகுவத்தி. அந்தப் பெண் சொன்னதுதான் சரி. நீங்கள் சொன்ன விளக்கம் ஊரெல்லாம் சொல்வது, ஆனாலும் தவறு. சுடர் அணையும்போது ஜாடிக்குள் ஆக்சிஜனில் பெரும்பகுதி அப்படியே இருக்கும். எரிந்த கொஞ்சமும் சும்மா மறைந்துபோவதில்லை, கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் மாறி அங்கேயே நிற்கிறது. தண்ணீரை ஏற்றுவது பெரும்பாலும் சூடு. ஜாடியை இறக்கும்போதே சுடரைச் சுற்றி இருக்கும் காற்று சூடாகி விரிந்திருக்கும். கவிழ்த்த பிறகும் கொஞ்சம் விரிந்து விளிம்பு வழியாகக் குமிழியாக வெளியேறும். சுடர் அணைந்ததும் உள்ளே இருப்பது ஆறிச் சுருங்கும், நீராவியும் தண்ணீராகிவிடும். உள்ளே அழுத்தம் குறைய, வெளிக்காற்று தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. மூன்று மெழுகுவத்தி என்றால் சூடு அதிகம், ஆகவே ஏற்றமும் அதிகம். கண்ணால் பார்க்கவே ஒரு சாட்சி இருக்கிறது: தண்ணீர் எப்போது ஏறுகிறது என்று கவனியுங்கள். ஆக்சிஜன் தீர்வதுதான் காரணம் என்றால் எரிய எரியச் சீராக ஏற வேண்டும். ஆனால் தண்ணீர், சுடர் எரியும்வரை பேசாமல் இருந்துவிட்டு, அணைந்த பிறகுதான் விறுவிறுவென்று ஏறும்.

இதை அவளிடம் போய்ச் சொல்லிவிடாதீர்கள். "எனக்குத் தெரியலை, நீ கேட்டது சரியான கேள்வி, வந்து நடத்து" என்று மட்டும் சொல்லுங்கள். ஜாடியையும் தட்டையும் அவள் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி உட்காருங்கள்.

உங்கள் பிரச்சினை முழுக்க இதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். 10 வயதில் வேடிக்கை பார்க்கப் பிடிக்கும். 15 வயதில், அடுத்தவர் செய்வதை உட்கார்ந்து பார்க்கச் சொன்னால் அவமானமாக இருக்கும். விடை தெரிந்த ஒருவர் விடை தெரியாதவர்களிடம் கேட்கும் கேள்வி, தேர்வு மாதிரித்தான் அவர்கள் காதில் விழுகிறது. பள்ளியில் அதைத்தானே நாள் முழுக்கக் கேட்டுவிட்டு வருகிறார்கள்!

நான் ஒவ்வொரு புதுக் குழுவையும் ஊசலில் தொடங்குவேன். நூல், ஒரு இரும்பு நட்டு, போனில் ஸ்டாப்வாட்ச், அளவுகோல். "இது ஒரு தடவை போய்த் திரும்பி வர சரியா 1 நொடி ஆகணும், செஞ்சு காட்டுங்க." அவ்வளவுதான் பேசுவேன். முதலில் எல்லோரும் இன்னொரு நட்டைக் கட்டுவார்கள். ஒன்றும் மாறாது. அப்புறம் வேகமாகத் தள்ளுவார்கள். அதனாலும் பெரிதாக மாறாது. யாரோ ஒருவர் நூலைச் சுருக்குவார். ஒரே ஒரு ஆட்டத்தை அளந்துவிட்டு "ஒவ்வொரு தடவையும் வேற வேற வருது" என்று சண்டை வரும். 10 ஆட்டம் எண்ணிப் பத்தால் வகுக்கலாம் என்பதை அவர்களே கண்டுபிடிக்க 15 நிமிடம் ஆகும். ஆகட்டும். கடைசியில் நட்டின் நடுவரை 25 சென்டிமீட்டர் என்று வந்து நிற்பார்கள்.

அப்போது, "சரி, 2 நொடி?" என்பேன். எல்லோரும் ஒரே குரலில் 50 என்பார்கள். கட்டிப் பார்த்தால் 1.4 நொடிதான் வரும். அந்த நிமிடம் அறையில் விழும் அமைதிக்காகத்தான் 22 வருடமாக இந்த வேலையைச் செய்கிறேன். விடை 1 மீட்டர். நேரம் இரண்டு மடங்காக வேண்டுமானால் நீளம் நான்கு மடங்கு. அதை நான் சொன்னதே இல்லை, யாராவது ஒருவர் ஸ்டூல் மேல் ஏறி நின்று கண்டுபிடித்துவிடுவார்.

வாயை மூடிக்கொள்வதுதான் கஷ்டம். 1970-களில் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து பார்த்தார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் காத்திருந்தது சராசரியாக 1 நொடிதான். அதை 3 நொடி ஆக்கியதும் பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். நான் இன்றும் முதுகுக்குப் பின்னால் விரல் விட்டு எண்ணுகிறேன்.

பெரிய பிள்ளைகளுக்கு "பொறுப்பு" கொடுப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. ரோஜர் ஹார்ட் 1992-ல் யுனிசெஃபுக்காக எழுதியபோது பிள்ளைகளின் பங்கேற்பை 8 படி ஏணியாக வைத்தார். கீழ் 3 படியும் பங்கேற்பே இல்லை என்பது அவர் கருத்து: பிள்ளைகளை ஏவிவிடுவது, அலங்காரத்துக்கு நிறுத்துவது, பெயருக்குச் சேர்த்துக்கொள்வது. விழாவில் மைக்கைக் கொடுத்து நாம் எழுதியதை வாசிக்கச் சொல்கிறோமே, அது எந்தப் படி என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் என்ன செய்யலாம் என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். பொருள் வாங்கும் பணத்தையும் அவர்களிடமே கொடுத்துக் கணக்கு எழுதச் சொல்லுங்கள்.

இருகதவு எழுதியது:

மேலே அக்கா சொன்னதோடு சண்டையில்லை. ஆனால் "தள்ளி உட்காருங்கள்" என்பதைப் படித்துவிட்டு யாரும் அறையை விட்டுப் போய்விடக் கூடாது. நெருப்பு இருக்கிற நாளில் பெரியவர் இருவர் அறைக்குள் இருக்க வேண்டும். ஒருவருக்கு அவசரம் வந்தாலும் இன்னொருவர் இருப்பார். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியாக, கதவு சாத்திய அறையில் இருக்கக் கூடாது. இது பிள்ளைக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு. தனிப்பட்ட செய்தியும் வேண்டாம், குழுவில் எழுதுங்கள், பெற்றோர் ஒருவரும் அதில் இருக்கட்டும். பெற்றோரின் கையெழுத்து, அவசரத்துக்குக் கூப்பிட எண், ஒவ்வாமை ஏதாவது உண்டா, இந்த மூன்றும் பதிவேட்டின் முதல் பக்கத்தில் இருக்கட்டும்.

மெழுகுவத்தி என்றால் கூந்தலைக் கட்டு, தொங்கும் துணியை ஒதுக்கு, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். எங்களிடம் இந்த விதிகளைப் படித்துக் காட்டுவது 16 வயதுப் பெண் ஒருத்தி. என்னைவிடக் கண்டிப்பு. போன முறை என் கழுத்துத் துண்டைக் கழற்றவைத்தாள்.

படிக்கட்டுப்_பையன் எழுதியது:

எனக்கு 19 வயது. நீங்கள் சொல்லும் படிக்கட்டில் உட்கார்ந்தவன் நான்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள் (வேறு மன்றம், வேறு படிக்கட்டு). 14 வயதில் என்னை "உதவியாளர்" ஆக்கினார்கள். பெருமையாக இருந்தது. ஒரு வருடம் நான் செய்தது வினிகர் ஊற்றியது, டம்ளர் கழுவியது. சோடா மாவு எரிமலை 9 தடவை பொங்கியது, 9 தடவையும் துடைத்தவன் நான். சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. ஒரு வாரம் போகவில்லை, யாரும் ஏன் என்று கேட்கவில்லை, அவ்வளவுதான்.

திரும்ப வந்தது ஒரு அக்காவால். "குளோப் அட் நைட் என்று ஒன்று 2006 முதல் நடக்கிறது. உலகம் முழுக்க ஆட்கள் இரவு வானத்தில் எவ்வளவு மங்கலான நட்சத்திரம்வரை தெரிகிறது என்று பார்த்து அனுப்புகிறார்கள், வெளிச்ச மாசு எங்கே எவ்வளவு என்று அதிலிருந்து தெரியும். நம்ம பகுதியை யாரும் பார்க்கலை, நீ பாக்கிறியா?" என்றார். ஒரியன் நட்சத்திரக் கூட்டத்தைக் கண்டுபிடித்து, அவர்கள் தரும் படங்களோடு ஒப்பிட வேண்டும். முதல் இரவு ஒன்றுமே தெரியவில்லை. வீட்டுக்குள்ளிருந்து நேராக வெளியே வந்து பார்த்தேன். கண் இருட்டுக்குப் பழக நேரம் வேண்டும் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. மறுநாள் போனை உள்ளேயே வைத்துவிட்டு 20 நிமிடம் சும்மா நின்றேன். தெருவிளக்குக் கம்பத்தை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டால் கூடுதலாக நான்கைந்து நட்சத்திரம் தெரிகிறது. என் எண்ணிக்கை இல்லையென்றால் அந்த இடம் காலியாக இருந்திருக்கும். டம்ளர் நான் இல்லாமலும் கழுவப்பட்டிருக்கும்.

அந்தப் பெண்ணை யாராவது ஏன் வரவில்லை என்று கேட்டீர்களா?

சனிக்கிழமைக்காரன் எழுதியது (மூன்று வாரம் கழித்து):

கேட்கவில்லை, தம்பி. உங்கள் பதிலைப் படித்த அன்றே அவள் அம்மாவைக் கூப்பிட்டேன். "அவ கேள்வி கேட்டா உங்களுக்குத் தொந்தரவுன்னு நினைச்சுக்கிட்டா" என்றார். கொஞ்ச நேரம் என்னால் பேச முடியவில்லை. அப்புறம், எனக்கு விடை தெரியாமல் போனது, அதை மறைத்தேன், அவளை வந்து நடத்தித் தரச் சொல்லுங்கள் என்றேன்.

வந்தாள், இரண்டு தோழிகளோடு. ஜாடியின் வெளிப்பக்கம் மில்லிமீட்டர் கோடு போட்ட காகிதப் பட்டையை ஒட்டினார்கள். ஒருத்தி மேலிருந்து பார்த்து 17 என்றாள், இன்னொருத்தி குனிந்து பார்த்து 14 என்றாள். பார்வைக் கோணத்தால் வரும் பிழை. என் பிழைப்பே அதைத் திருத்துவதுதான். நாக்கு நுனிவரை வந்தது. முதுகுக்குப் பின்னால் விரல் விட்டேன். மூன்றுக்கு முன்னால் அவர்களே தண்ணீர் மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுவந்துவிட்டார்கள்.

ஒரு மெழுகுவத்திக்கு 14. மூன்றுக்கு 31, 24, 29 என்று ஒவ்வொரு தடவையும் ஒன்று. நான் "சராசரி" என்று வாயெடுத்தேன். அவள் கேட்கவில்லை. "ஏத்தினவுடனே மூடினோமா, கொஞ்சம் விட்டு மூடினோமான்னு எழுதவே இல்லையே" என்று நோட்டில் இன்னொரு பத்தி போட்டாள். அணைந்த பிறகுதான் தண்ணீர் விறுவிறுவென்று ஏறுகிறது என்பதைக் கவனித்தது சத்தம் கேட்டு மேலே வந்த படிக்கட்டுப் பையன்களில் ஒருவன். அவன் போனில் எடுத்த வீடியோவைத்தான் மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தார்கள்.

இருகதவு சொன்னபடி இன்னொரு பெரியவரையும் சேர்த்தாயிற்று. வரும் சனிக்கிழமை ஜாடியை இறக்கும் முன் 5, 10, 20 நொடி காத்திருந்து பார்க்கப் போகிறார்களாம். பலகையில் வேலைப் பங்கீடு எழுதியிருக்கிறார்கள். தட்டு கழுவுவதற்கு நேராக என் பெயர்.