வெயிட்டிங்: எடையிடலா, எடையளிப்பா?

வணக்கம்.

ஒரு கணக்கில் சேரும் எண்களில் சிலவற்றுக்குக் கூடுதல் பங்கும் சிலவற்றுக்குக் குறைந்த பங்கும் கொடுப்பதை ஆங்கிலத்தில் 'வெயிட்டிங்' (weighting) என்கிறார்கள். அதற்குத் தமிழில் 'முன்னுரிமை' என்றே வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. பொறியியல் சேர்க்கையின் கட்-ஆஃப் வரைக்கும் அது சரியாகத்தான் தெரியும். கணித மதிப்பெண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு, இயற்பியலையும் வேதியியலையும் பாதியாக்கி 200-க்குக் கணக்கிடுகிறார்கள். மூன்றிலும் முறையே 90, 80, 70 வாங்கியவருக்கு 165, அதே 240-ஐ 70, 80, 90 என்று வாங்கியவருக்கு 155. இதைக் கணிதத்துக்குக் கொடுத்த முன்னுரிமை எனலாம், யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

ஆனால் இரைச்சலை அளக்கும் கருவிக்குப் போனால் இந்தச் சொல் நிற்காது. அதில் பயன்படும் ஏ-வெயிட்டிங் (A-weighting) என்ற முறையில் 100 ஹெர்ட்ஸ் ஒலியிலிருந்து சுமார் 19 டெசிபல் கழித்துவிடுகிறார்கள், 1,000 ஹெர்ட்ஸில் எதையும் கழிப்பதில்லை. தாழ்ந்த அதிர்வெண்கள் நம் காதில் மந்தமாக விழுவதால் அளவையும் காதுக்கு ஏற்ப வளைக்கிறார்கள், அவ்வளவுதான். இதில் யாருக்கு என்ன முன்னுரிமை? மாதிரிக் கணக்கெடுப்பும் அப்படித்தான். 500 வீட்டுக்கு ஒன்று என்று எடுத்த ஊரில் ஒவ்வொரு வீடும் 500 வீடுகளுக்காகப் பேசுகிறது, 100-க்கு ஒன்று எடுத்த ஊரில் 100-க்காக. அந்த எண்ணைப் 'பெருக்கி' என்றாலும் தப்பில்லை, 'முன்னுரிமை' என்றால் தப்பு.

இன்னொரு யோசனையான 'நிறையிடல்' காதுக்கு நன்றாக இருக்கிறது, மறுக்கவில்லை. சிக்கல் வேறு இடத்தில்: தமிழ்நாட்டுப் பாடநூலில் நிறை என்பது மாஸ், எடை என்பது வெயிட், இலங்கையில் மாஸ் திணிவு, வெயிட்தான் நிறை. அங்கே பொருந்துகிற சொல் இங்கே பௌதிகம் படித்தவரைக் குழப்பும்.

மிஞ்சுவது 'எடை'. 'எடையிட்ட சராசரி' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, அதைக் கலைக்க வேண்டாம். ஆனால் செயலின் பெயராக 'எடையிடல்' வந்தால் தராசில் போட்டு எடை பார்ப்பதுபோல் ஒலிக்கிறது, 'சீர்தூக்கல்' இன்னும் மோசம். எடை போடுகிறவர் இருக்கிற எடையைத் தெரிந்துகொள்கிறார். நாம் சொல்லவந்தது இல்லாத எடையைக் கொடுப்பது. 2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட நுகர்வோர் விலைக் குறியீட்டில் உணவு, பானங்களுக்கு நூற்றுக்கு ஊரகத்தில் 54.18, நகரத்தில் 36.29 என்று எடை கொடுத்தார்கள். குடும்பங்கள் எதற்கு எவ்வளவு செலவழிக்கின்றன என்ற கணக்கெடுப்பை வைத்துத்தான் கொடுத்தார்கள் என்றாலும், கொடுத்தது கொடுத்ததுதான். அதனால்தான் அரிசி, காய்கறி ஒரே அளவு ஏறினாலும் ஊரகக் குறியீடு கூடுதலாக எகிறும்.

ஆகவே என் ஓட்டு 'எடையளிப்பு'க்கு. எண்ணுக்கு வெறும் 'எடை' போதும், குழப்பம் வருகிற இடத்தில் மட்டும் 'எடைக்கெழு'. எடையளித்த குறியீடு, எடையளிக்காத சராசரி, ஏ-எடையளிப்பு எல்லாம் நாக்கில் இடறாமல் வருகின்றன. ஆசிரியர் தகுதித் தேர்வால் ஊரெங்கும் பரவிய 'வெயிட்டேஜ்' பேச்சில் இருந்துவிட்டுப் போகட்டும், அதை விரட்ட நம்மால் ஆகாது. 'வெயிட்டிங்' என்று ஒலிபெயர்ப்பது மட்டும் வேண்டாம், படிக்கிறவர் ரயில் டிக்கெட் என்று நினைத்துக்கொள்வார்.

வேறு சொல் வைத்திருப்பவர்கள் கட்-ஆஃப், இரைச்சல், கணக்கெடுப்பு, விலைக் குறியீடு என்ற நான்கிலும் அதைப் போட்டு ஒரு வாக்கியம் எழுதி அனுப்புங்கள், பேசலாம்.