அரசுப் பள்ளியில் இசைக்கும் கூத்துக்கும் ஓர் அறை வேண்டும், ஊரில் எப்படிக் கேட்பது?

செய்யாற்றங்கரை:
எல்லோருக்கும் வணக்கம். செய்யாறு பக்கம் ஒரு கிராமத்து அரசு உயர்நிலைப் பள்ளியில் மேலாண்மைக் குழு உறுப்பினராக இருக்கிறேன். 2022-ல் அரசு கலைத் திருவிழாவை ஆரம்பித்ததிலிருந்து எங்கள் பிள்ளைகளுக்குப் பறை, கூத்து, பாட்டு என்று அவ்வளவு ஆர்வம். பழகத்தான் இடம் இல்லை. மதியம் சாப்பிட்டு முடித்துக் கழுவிவிட்ட வராண்டா காய்வதற்குள் அங்கேயே பறையை எடுத்துவிடுகிறார்கள், பக்கத்து அறையில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்தும் டீச்சர் கதவைச் சாத்திக்கொள்கிறார், அவரையும் குறை சொல்ல முடியாது.

பள்ளிக்குப் பின்னால் உடைந்த பெஞ்சுகளைப் போட்டு அடைத்த ஓர் ஓட்டுக் கட்டடம் சும்மா கிடக்கிறது. அதைச் சரிசெய்தால் போதும். ஆனால் கும்பாபிஷேகம் என்றால் தலைக்கட்டு வரியைத் தேடி வந்து கொடுக்கிற ஊர், பள்ளி என்றால் ‘அதான் கவர்மெண்ட் இருக்கே’ என்கிறது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பரதம், பாட்டு என்றால் தருகிறோம், பறைக்குத் தரமாட்டோம் என்று சிலர் வெளிப்படையாகவே சொல்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

பழைய தலைமையாசிரியர்:
தம்பி, முதலில் கட்டடம் உறுதியாக இருக்கிறதா என்று பொறியாளர் பார்த்து எழுத்தில் தரட்டும். 2021 டிசம்பரில் நெல்லையில் பள்ளிக் கழிவறைச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் இறந்தார்கள், அதற்குப் பிறகுதான் மாநிலம் முழுக்கப் பழைய கட்டடங்களை ஆய்வு செய்து இடித்தார்கள். இடிக்க வேண்டியது என்று சொல்லிவிட்டால் சுண்ணாம்பு அடித்து உள்ளே பிள்ளைகளை விடவே கூடாது, வேறு இடம் பாருங்கள்.

அப்புறம் பணம். தனி ஆள் கையில் ஒரு ரூபாய் கூட வாங்காதீர்கள். மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானம் போட்டு, என்ன வேலை, எவ்வளவு செலவு என்று எழுதிப் பள்ளிச் சுவரில் ஒட்டுங்கள். வெளியூரில் வேலை பார்க்கும் முன்னாள் மாணவர்களிடம் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டத்தைச் சொல்லுங்கள், 2022 டிசம்பரில் வந்தது. எந்தப் பள்ளி, எந்த வேலை என்று அவர்களே தேர்ந்தெடுத்து இணையத்தில் பணம் கட்டலாம். கணக்கு கண்ணுக்குத் தெரிந்தால் ஊர் தானாகவே கொடுக்கும், இதை நான் என் பள்ளியிலேயே பார்த்திருக்கிறேன்.

முகவீணை:
கூத்துக் குடும்பத்துப் பிள்ளை நான். ஐயா சொன்னதெல்லாம் சரி, ஆனால் அறைக்கு முன்னால் வாத்தியாருக்கு வழி பண்ணுங்கள். அறை கட்டிக் கல்வெட்டு வைக்க ஆள் கிடைப்பார்கள், மாதாமாதம் வாத்தியாருக்குச் சம்பளம் தர ஆள் கிடைக்க மாட்டார்கள், கடைசியில் உள்ளே மறுபடியும் உடைந்த பெஞ்சுதான். ஊரில் கேட்கும்போதே பாதியைச் சம்பளத்துக்கு என்று சொல்லிக் கேளுங்கள். மழைக்காலத்தில் எங்களுக்கு ஆட்டம் குறைவு, ஐப்பசி, கார்த்திகையில் கூப்பிட்டால் நல்ல ஆட்டக்காரர்களே வருவார்கள். காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கலில் 2002 முதல் 2020 வரை கட்டைக்கூத்து குருகுலம் நடந்தது, பள்ளிப் பாடமும் கூத்தும் சேர்த்தே படித்தார்கள், பெண் பிள்ளைகளும் வேஷம் கட்டி ஆடினார்கள். அங்கே படித்தவர்கள் யாராவது கிடைத்தால் விடாதீர்கள்.

பறை விஷயத்தில் இறங்கிப் போகாதீர்கள். 2025-ல் மதுரை வேலு ஆசானுக்குப் பறைக்காகப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், அதே வருஷம் உங்கள் பக்கத்துப் புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்குத் தெருக்கூத்துக்காக. பறையை வெளியே வைக்கச் சொல்லி வருகிற பணம் அந்தப் பள்ளிக்கு வேண்டாம். யார் அடிக்கலாம், யார் அடிக்கக் கூடாது என்று பிள்ளைகளைப் பிரிக்கிற அறையைவிட அந்த வராண்டாவே மேல்.

தோல்கருவி:
அறை பற்றி மட்டும் சொல்கிறேன். மேலே தகர ஷீட் போட்டுவிடாதீர்கள், மழை பெய்தால் பாட்டே கேட்காது, வெயிலில் உட்கார முடியாது. ஓடு இருந்தால் ஓட்டை மாற்றி அப்படியே விடுங்கள். சத்தத்தை அடைக்கிறேன் என்று தெர்மாகோல் ஒட்டுவார்கள், அது சத்தத்தையும் நிறுத்தாது, தீப்பிடித்தால் ஆபத்து வேறு. பறைத் தோல் விறைப்பாக அதைத் தீயில் காட்டிக் காய்ச்ச வெளியே மண் தரையில் தனியிடம் வையுங்கள். கனமான பழைய ஜமுக்காளத்தைச் சுவரில் தொங்கவிட்டாலே எதிரொலி நன்றாகக் குறையும். வெறும் சிமெண்ட் தரையில் பிள்ளைகளை நாள் முழுக்கக் குதிக்கவிட்டால் முட்டி போய்விடும், ரப்பர் விரிப்பாவது வாங்குங்கள். மிருதங்கமும் பறையும் ஈரத்தில் வீணாகும், ஆர்மோனியத்துக்குள் எலி புகும், அதனால் தரையிலிருந்து உயரமாகப் பூட்டுப் போட்ட ஓர் அலமாரி கட்டாயம் வேண்டும்.

செய்யாற்றங்கரை:
ரொம்ப நன்றி. பொறியாளரைப் பார்க்கத் தலைமையாசிரியரிடம் இன்றைக்கே பேசுகிறேன். பறையைச் சேர்த்தே தீர்மானம் எழுதிவிடுகிறோம், தராதவர்கள் தர வேண்டாம். முகவீணை அண்ணா, ஐப்பசியில் வாரம் 2 நாள் மாலை வந்துபோக ஒரு வாத்தியாருக்கு என்ன கொடுத்தால் மரியாதையாக இருக்கும்?

முகவீணை:
ஒரு ராத்திரி ஆட்டத்துக்கு அவர் பங்காக எவ்வளவு வரும் என்று அவரிடமே கேளுங்கள், பேரம் பேசாதீர்கள். பஸ் செலவு தனி.