இந்தியப் பங்குச்சந்தை, சீனப் பங்குச்சந்தை: முன்னே நிற்பது யார்?

ஈரோட்டான்:
மும்பைப் பங்குச்சந்தை 1875ல் தொடங்கியது. ஷாங்காயில் இன்றைய சந்தை திறந்தது 1990 டிசம்பரில். நூறு வருஷத்துக்கு மேல் முந்திப் புறப்பட்டும் நாம்தான் பின்தங்கி நிற்கிறோம். மும்பையில் 1995 வரை கூவிக் கூவித்தான் பங்கு விற்றார்கள். ஷாங்காயில் முதல் நாளே கணினி. இன்று சீனக் கடன் பத்திரச் சந்தை, அதாவது அரசும் நிறுவனங்களும் பத்திரம் விற்றுக் கடன் திரட்டும் சந்தை, உலகில் அமெரிக்காவுக்கு அடுத்த இடத்தில் இருக்கிறது.

நெய்தல்:
அளவு சரி, பணம் போட்டவருக்கு என்ன கிடைத்தது? 2007 அக்டோபரில் ஷாங்காய் குறியீடு 6,000ஐத் தாண்டியது, மும்பைக் குறியீடான சென்செக்ஸ் 20,000ஐத் தொட்டது. 2024 ஜூலையில் சென்செக்ஸ் 80,000. ஷாங்காய் 3,000க்கும் கீழே! இத்தனைக்கும் சீனப் பொருளாதாரம் இடையில் நான்கு மடங்குக்கு மேல் வளர்ந்திருக்கிறது. மக்கள் சேமிப்பை அரசு நிறுவனங்களுக்குத் திருப்பிவிடத்தான் அங்கே சந்தையே வந்தது. 2005 சீர்திருத்தம் வரை அங்குள்ள பங்குகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பகுதி சந்தையில் விற்க முடியாதவை, பெரும்பாலும் அரசு வசம்.

ஈரோட்டான்:
2007ல் இருந்தது அளவு மீறி ஊதிய விலைக் குமிழி, அதை வைத்து அளக்காதீர்கள். 2005 ஜூனில் அதே குறியீடு 1,000 பக்கம் இருந்தது. அங்கிருந்து கணக்குப் போடுங்கள்.

நெய்தல்:
போட்டாயிற்று. ஷாங்காய் சுமார் மூன்று மடங்கு. அதே மாதம் 7,000ல் இருந்த சென்செக்ஸ் பதினோரு மடங்கு.

பழைய பங்குதாரர்:
தம்பிகளா, நான் காகிதப் பங்கு வைத்திருந்தவன். 1993ல் நூறு பங்கு வாங்கிப் பெயர் மாற்ற அனுப்பினேன். கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள். நான்காவது தடவை பத்திரமே தபாலில் தொலைந்தது. 1996ல் காகிதத்துக்குப் பதில் பங்கைக் கணினிக் கணக்கில் வைக்கும் டீமேட் வந்த பிறகுதான் நிம்மதி.

அதனால் நம் சந்தை பிறவியிலேயே ஒழுங்கானது என்று யாரும் சொல்ல வேண்டாம். 1992ல் பங்குத் தரகர் ஹர்ஷத் மேத்தாவின் ஊழல். அதே வருஷம் ஆகஸ்டில் சீனாவின் ஷென்சென் நகரில் பங்கு விண்ணப்பப் படிவம் கிடைக்காத கூட்டம் கலவரத்தில் இறங்கியது. நம் சந்தையைக் கண்காணிக்கும் செபிக்குச் சட்ட அதிகாரம் வந்ததும் சீனக் கண்காணிப்பு ஆணையம் பிறந்ததும் அதே வருஷம்தான். அப்புறம்தான் பாதை பிரிந்தது. 2015ல் ஷாங்காய் சரிந்தபோது, 5 சதவீதத்துக்கு மேல் வைத்திருந்தவர்கள் ஆறு மாதம் விற்கக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். பாதிக்குப் பாதி நிறுவனங்கள் தங்கள் பங்கு வர்த்தகத்தையே நிறுத்திக்கொண்டன. விற்க வேண்டிய நாளில் கதவைச் சாத்தினால் அது என்ன சந்தை?

ஈரோட்டான்:
அந்த உத்தரவு தவறு ஐயா, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர்களுடைய ரயில் பாதைகளுக்குப் பெரும்பணம் கடன் பத்திரத்தில் வந்தது. இங்கே சாலை போடுபவர்கூட வங்கிக் கடனைத்தான் நம்பினார். இருபது வருஷத் திட்டத்துக்கு மூன்று வருஷ டெபாசிட் பணம்! வாராக்கடன் குவிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். பங்கில் நீங்கள் ஜெயித்தீர்கள். கடன் பத்திரத்தில் நம் ஆட்டம் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

நெய்தல்:
கடன் பத்திரத்தில் உங்கள் பக்கம்தான் நான். நம்மிடம் நல்ல மதிப்பீடு பெற்ற பெரிய நிறுவனங்கள்தான் பத்திரம் விற்க முடிகிறது. ஆனால் சீனாவில் உள்ளாட்சிகள் வாங்கிக் குவித்த கடனையும் அந்தக் கணக்கில் சேர்த்துப் பாருங்கள்.