தள்ளுவண்டிக் கூழின் புளிப்பு: புதுப்பிப்பு

பென்னாகரம் சாலைத் தள்ளுவண்டியில் குடிக்கும் கேழ்வரகுக் கூழ் வீட்டில் வரவில்லையே, புளிப்பும் இளக்கமும் எப்படி வரும் என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது வந்துவிட்டது! பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

புளிப்புக்கு வழி, பழைய கூழில் ஒரு கரண்டி எடுத்துப் புது மாவில் கலப்பதுதான். அதிலுள்ள லாக்டிக் அமில பாக்டீரியா உடனே வேலையைத் தொடங்கிவிடுகிறது. மண்சட்டியில் இரவு கரைத்து வைத்தால், காலையில் மேலே சிறு குமிழிகள், மூக்கைத் தொடும் புளித்த வாசம். நொய்யை வேகவிட்டு, அதில் இந்த மாவை ஊற்றிக் கைவிடாமல் கிளற வேண்டும்.

இளக்கத்துக்குத்தான் அதிகம் மெனக்கெட்டேன். பீருக்குப் பார்லியை முளைகட்டுகிறார்களே, அதே வேலை. கேழ்வரகை முளைகட்டி, வெயிலில் உலர்த்தி, வேர்களைத் தேய்த்து நீக்கி அரைத்தேன். முளையில் உருவாகும் அமைலேஸ் நொதி மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கிறது. கொதிக்கும் கூழில் போட்டால் நொதி செத்துவிடும். வெதுவெதுப்பானதும் ஒரு கரண்டி கலந்தேன். கரண்டியில் கட்டியாக நின்ற கூழ் சிறிது நேரத்தில் நூலாக வழிந்தது, லேசான இனிப்போடு. பிறகு மறுபடி ஒரு கொதி விட்டேன்.

மோர், சின்ன வெங்காயம், கிருஷ்ணகிரி பெங்களூரா மாங்காய்க் கீற்று. அருமை!

ஓசூர், தேன்கனிக்கோட்டைக்காரர்கள் கவனிக்கவும்: உங்கள் குளிருக்கு ஓர் இரவு போதாது, குமிழி வரும்வரை பொறுங்கள்.